நகரி பத்மினியின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை

ஆந்திர எல்லையோரத்து நகரியில் போய் பத்மினி வீடு எது என்று விசாரித்தால், "எந்தப் பத்மினி? மாமனார அடிச்ச பத்மினியா?" என்று கேட்பார்கள். திடுக்கிட வேண்டாம். அந்தப் பட்டத்தை ஊர் கொடுக்கவில்லை, அவளே தனக்குச் சூட்டிக்கொண்டது. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு காலை, விசைத்தறிக் கொட்டகையில் தறிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், முப்பது நாற்பது பேருக்கு முன்னால் நின்று அவள் முதலில் சொல்வது அதைத்தான்.

"என் பேரு பத்மினி. எங்க மாமாவுக்கு மறதி நோய் இருந்திச்சி. துன்ன கைய கழுவறதுக்கு முன்னாடியே தெருவுக்குப் போய், மருமவ சோறு போடலன்னு சொல்வாரு. ஒருநாள் தாங்காம கரண்டியால கையில அடிச்சிட்டேன். வீங்கிப் போச்சி. நான் சொல்லிட்டேன், இப்ப நீங்க சொல்லுங்க."

அதற்குப் பிறகு யார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தன் குற்றத்திலிருந்து பேச்சைத் தொடங்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பாயின் ஓரத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி மெல்ல, "நானும் ஒருதரம் கிள்ளிட்டேங்க்கா" என்பாள். அங்கிருந்துதான் கூட்டம் தொடங்கும்.

பத்மினிக்கு ஐம்பது வயது. அதே கொட்டகையில் இருபத்தாறு வருஷமாகத் தறிக்கு நூல் தார் சுற்றுகிறாள். மாமனார் சிவசங்கரன் நல்ல நெசவாளி. அவருக்குப் புத்தி தடுமாறத் தொடங்கியபோது காத்து கருப்பு என்றார்கள், கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். கடைசியில் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன போதுதான், இது மூளை தேய்கிற நோய், மருந்தால் திரும்பாது, பார்த்துக்கொள்கிறவர் கற்றுக்கொண்டால் இருவருக்கும் பாரம் குறையும் என்று சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் ஆறு வாரம் வகுப்பு நடத்தினார்கள். வகுப்பு முழுக்கத் தெலுங்கு. பத்மினி ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கடைசி நாள் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அதைக் காட்டுவாள். கொஞ்சம் பெருமைக்காரிதான். அதைச் சொல்லாமல் விட்டால் அவளே கோபித்துக்கொள்வாள்.

மாமனாருக்குக் கழிவு நூலை ஒரு கூடையில் போட்டுக் கொடுத்தாள். அவர் நாள் முழுக்க அறுந்த இழைகளை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். சோறு போடவில்லை என்ற புகார் பாதியாகக் குறைந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரி கேட்டாள், அவளுக்கு அடுத்த தெருக்காரி கேட்டாள். தெலுங்கில் கேட்டதையெல்லாம் பத்மினி தமிழில் சொல்லத் தொடங்கினாள். நாலு பேரில் தொடங்கியது கொட்டகை நிறையும் கூட்டமாயிற்று. மாமனார் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"கெழவரே போயிட்டாரு, இன்னும் இன்னாத்துக்கு கூட்டம்?" என்று கணவர் நரசிம்மன் ஒருதரம் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சதும் அவரோட போவணுமா?" என்றாள் பத்மினி. அதன்பின் அவரே கொட்டகையைப் பெருக்கிப் பாய் விரிக்க வந்துவிடுகிறார்.

இப்படிப்பட்டவளைத்தான் போன தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடுங்க வைத்தது.

அதற்குக் காரணம் விஜயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த செல்லியம்மா. ஐந்து மாதத்துக்கு முன் முதல்முறை கூட்டத்துக்கு வந்தபோது அவள் பேசவே இல்லை. எல்லோரும் போன பிறகு பத்மினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பாலையாவுக்கு மூன்று வருஷமாக மறதி. ஒருநாள் வேட்டியில்லாமல் தெருவுக்குப் போய்விட்டார். ஊர் சிரித்தது. அன்றிலிருந்து மகன் தனசேகர் அப்பாவைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டான். அவன் நைனா என்று கூப்பிடும் அப்பா, நாயுடுபேட்டையில் அத்தை வீட்டில் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இரண்டு வருஷமாக மறைத்திருந்தான்.

தனசேகர் கெட்டவன் இல்லை. அந்தக் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றது. பாலையா கையில் வந்த இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை போட்டு, தலைநிமிர்ந்து, மகனைப் படிக்க வைத்தார். விதைக்கடலை பொறுக்க அவரைத்தான் நாலு ஊரிலிருந்து கூப்பிடுவார்கள். உரிக்காத கடலையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் பொக்கா, சொத்தையா, விதைக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து ஊர் சிரித்ததை மகனால் தாங்க முடியவில்லை. பூட்டியது அப்பாவை, காப்பாற்ற நினைத்தது அவர் மானத்தை.

பத்மினி பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போனாள். தனசேகரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்றாள்.

"பூட்டு போட்டா நோய் நின்னுடுமா? ஆளு இன்னும் சீக்கிரம் அடங்கிப் போயிடுவாரு. வெளிய கூட்டிப் போ. நாலு பேர பாக்கட்டும்."

"தொலஞ்சிட்டாருன்னா?"

"அதுக்கும் வழி இருக்குது."

வழி இருந்தது. சட்டைக் காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் போன் நம்பரைத் தைப்பது. மாதம் ஒரு புதுப் படம் எடுத்து எல்லோருடைய போனிலும் வைப்பது. பத்மினி அங்கேயே உட்கார்ந்து பாலையாவின் ஐந்து சட்டைகளிலும் நம்பரைத் தைத்துக் கொடுத்தாள். தனசேகர் அரைமனதாகப் பூட்டை எடுத்தான். அப்போதும் வீட்டுக்குள் மட்டும்தான், தெருப்பக்கம் விடவில்லை. பிறகு செல்லியம்மா, ஏழுமலையானுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். பத்மினி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தாராளமா போய் வாங்கக்கா. சாமியும் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது."

அங்கேதான் சறுக்கினாள்.

வியாழக்கிழமை மலையில் பாலையாவுக்கு மொட்டை அடித்தாயிற்று. தாடி மீசையும் போயிற்று. குளிக்க வைத்து, புது வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, தலையில் சந்தனம் பூசினார்கள். சிவப்பு நூல் தைத்த சட்டை ஈரத்துணிகளோடு பைக்குள் போயிற்று. மலையப்பனைப் பார்த்துவிட்டுத் தாயாரைப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா? வெள்ளிக்கிழமை காலை திருச்சானூருக்கு வந்தார்கள். கூட்டம் நெரிந்தது. செல்லியம்மா செருப்பு விடப் போனாள், தனசேகர் டிக்கெட் பார்க்கப் போனான். அம்மாவிடம் இருக்கிறார் என்று மகன் நினைத்தான். மகனிடம் இருக்கிறார் என்று அம்மா நினைத்தாள். இருவரும் திரும்பி வந்தபோது பாலையா இல்லை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் ஓடினார்கள். அடையாளம் கேட்டார். "மொட்டைங்க, வெள்ள வேட்டி, தலையில சந்தனம்" என்றாள் செல்லியம்மா.

அந்த மனிதர் தெருவைக் கையால் காட்டினார். "ஏ குண்டம்மா? வீதி நிண்டா குண்ட்லே கதா!" எந்த மொட்டை அம்மா, தெரு நிறைய மொட்டைதானே என்கிறார். அதில் தப்பு என்ன? செல்லியம்மா திரும்பிப் பார்த்தாள். நாற்பது பாலையாக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். போனில் இருந்த படத்தைக் காட்டினால், அதில் நரைத்த தலையும் முறுக்கு மீசையுமாக வேறு யாரோ நின்றார். போலீஸ்காரர் நல்லவர், மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட ஏற்பாடு செய்தார். ஆனால் பாலையாவுக்குத் தன் பெயர் பாலையா என்பது மறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பத்மினி தார் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தறிச்சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் வெளியே ஓடி வந்தாள். செல்லியம்மா அழுதாள். தனசேகர் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"மேடம், நீங்கதான கதவ தெறக்க சொன்னீங்க? சட்டையில நம்பர் தச்சி, போட்டோ எடுத்து, பெரிய டீச்சர் மாதிரி... இப்ப எங்க நைனா எங்க?"

பத்மினி கையில் ஒட்டியிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"கெடைச்சாருன்னா திரும்பியும் பூட்டுதான். இனிமே சாவற வரைக்கும் தெறக்க மாட்டேன். கெடைக்கலன்னா உங்க கூட்டத்துக்கு வந்து, இந்தம்மா பேச்ச கேக்காதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுப் போவேன்."

அவள் போனை இடுப்பில் செருகினாள். கொட்டகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நூல் தூசியோடு அப்படியே திருப்பதி பஸ் ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். திருப்பதிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், வருஷத்துக்கு நாலு மொட்டை பார்க்கிறவள், மொட்டை போட்டால் முகம் மாறும், குளித்தால் சட்டை மாறும் என்று தெரியாதா? ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தவர்கள் எங்கிருந்தோ வந்த பெரிய படிப்புக்காரர்கள், அவர்களுக்குத் தோன்றாமல் போகலாம். இவளுக்குத் தோன்ற வேண்டாமா? அந்த லேமினேட் சான்றிதழை வீட்டுக்குப் போனதும் கழற்றிப் பரணில் போட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

புத்தூரில் பஸ் நின்றது. மலையிலிருந்து திரும்பிய ஒரு கும்பல் எதிர்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. பெரியதும் சிறியதுமாகப் பத்துப் பன்னிரண்டு மொட்டைகள். பத்மினி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் பையின்மேல் தலைவைத்துத் தூங்கினார். ஒருவர் லட்டைப் பிட்டுத் தின்றார். ஒருவர் போன் பார்த்தார். எல்லோரும் சும்மா இருந்தார்கள். இருக்கத்தானே செய்வார்கள்? சாமி கும்பிட வந்தவர்களுக்கு வேலை என்ன?

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனை எடுத்து ஹரிபாபுவைக் கூப்பிட்டாள். ஹரிபாபு திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அம்மாவுக்கும் இதே நோய், மாதம் தவறாமல் கூட்டத்துக்கு வருகிறவன். காலையிலேயே செய்தி தெரிந்து தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். காலையிலேந்து நானே அம்பது மொட்டைய எறக்கி வுட்டிருக்கேன். எதுன்னு புடிக்கிறது?"

"மூஞ்சிய தேடாத ஹரி. கையத் தேடு."

"இன்னாக்கா சொல்ற?"

"கும்பிட வந்தவன் எவனும் வேல செய்ய மாட்டான். ஏதாவது வேல செஞ்சிக்கினு இருக்கற மொட்டைய தேடு. கொல்லயில, நெலத்துல வேல செஞ்சவரு அவரு. மண்ணு, செடி, மூட்ட, கடலை, எங்க இருக்குதோ அங்க பாரு. உன் ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொல்லு."

ஹரிபாபு ஆட்டோவை ஓரம் கட்டினான். "எங்கம்மாகூட எங்க போனாலும் அரிசி பொடைக்கத்தான் ஒக்காரும்" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

பத்மினியின் பஸ் திருப்பதிக்குள் நுழையும்போது அவனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, திருச்சானூர்ல லாட்ஜுங்க இருக்கற சந்துல ஒரு மொட்டை வேர்க்கடலை பொறுக்கிக்கினு இருக்காரு. சீக்கிரம் வா."

அவள் போய்ச் சேர்ந்தபோது செல்லியம்மாவும் தனசேகரும் அப்போதுதான் அங்கே ஓடி வந்தார்கள். வேகவைத்த வேர்க்கடலை விற்கும் தள்ளுவண்டி ஒன்று. அதன் நிழலில் கோணியை விரித்து, பச்சைக் கடலையைக் கொட்டி, ஒரு மொட்டைத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. நல்லது ஒரு குவியல், பொக்கும் சொத்தையும் ஒரு குவியல். செல்லியம்மா முதலில் தயங்கினாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே அந்த மொட்டை பிடிபடவில்லை. பிறகு விரல்கள் ஓடுவதைப் பார்த்தாள். "அவருதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து, யாரோ கூலிக்கு வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவளும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் பொறுக்கினாள்.

கடலைக்காரி தெலுங்கச்சி. தமிழும் தெலுங்குமாகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆளா? காலையிலேந்து தேட மாட்டீங்களா? அவரா வந்து ஒக்காந்தாரு. டீ குடுத்தேன், இட்லி குடுத்தேன், துன்னாரு. ஆனா இன்னா கையி சாமி அது! நான் பொறுக்கினா பத்துக்கு ரெண்டு பொக்கு இருக்கும். இவரு ஒரு மூட்டையே முடிச்சிட்டாரு, ஒண்ணு தப்பல. ரேப்பு கூடா பம்பிஞ்சண்டி!"

நாளைக்கும் அனுப்புங்கள் என்கிறாள். தனசேகர் நல்ல குவியலிலிருந்து ஒரு கடலையை எடுத்துப் பார்த்தான். இரண்டு வருஷமாக அப்பாவைப் பற்றி அவன் காதில் விழுந்ததெல்லாம் ஐயோ பாவமும் சிரிப்பும்தான். அவரை ஒருவர் மெச்சிப் பேசி எத்தனை நாளாயிற்று!

"யாரு இவரு? பேரு கேட்டா சொல்லல" என்றாள் கடலைக்காரி.

"எங்க நைனா" என்றான் தனசேகர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் நிறுத்த முடியவில்லை. "வெதக்கடலை பொறுக்கறதுல எங்க மண்டலத்துலயே இவர மாதிரி ஆளு கெடையாதும்மா!" சந்தே திரும்பிப் பார்க்கும்படி சொன்னான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் பூட்டு? திரும்பும் வழியில் பத்மினி அதைக் கேட்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் பத்மினி தன் தவறை எதையும் மறைக்காமல் சொன்னாள். மொட்டை போட்டவுடன் புதுப் படம் எடுக்க வேண்டும் என்றாள். "சட்டைய கழட்டுவாங்க, வேட்டிய மாத்துவாங்க. அரைஞாண் கயித்த யாரும் கழட்ட மாட்டாங்க. இனிமே நம்பரு அதுலதான்" என்று சொல்லி, தாயத்து மாதிரி நம்பர் பொறித்த செப்புத் தகடுகளை எல்லோருக்கும் கொடுத்தாள். தகட்டுக்கான யோசனை எந்த ஆஸ்பத்திரியிலும் கற்றதில்லை, அவளுடையது. அதைச் சொல்லும்போது பழைய பெருமை கொஞ்சம் முகத்துக்குத் திரும்பியிருந்தது. செல்லியம்மா மட்டும் வரவில்லை. பூட்டிவிட்டான் என்று பத்மினி முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை தனசேகரே கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அடுத்த கூட்டத்த எங்க ஊர்ல வெக்கறீங்களா? எங்க வீட்டு வாசல்லயே."

"ஊருக்கு இன்னா சொல்லுவ? நாயுடுபேட்டைன்னு சொல்லி வெச்சிருக்கியே."

"அத சொல்லத்தான் கூப்பிடறேன். நான் தனியா சொன்னா வாய் வராது. நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா சொல்லிடுவேன்."

மாசி மாதத்து மூன்றாம் ஞாயிறு, விஜயபுரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னத் தெருவில் சாமியானா போட்டார்கள். ஊர் முக்கால்வாசி வந்திருந்தது. இன்ன கூட்டம் என்று தெரியாமல் வந்தவர்கள்தான் அதிகம். தனசேகர் அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். முடி அரை விரற்கடை வளர்ந்திருந்தது. தெரு கிசுகிசுத்தது.

"எங்க நைனா நாயுடுபேட்டைக்கு எங்கயும் போவல" என்றான் தனசேகர். "இங்கதான் இருந்தாரு. நான்தான் உள்ள வெச்சி பூட்டினேன். நீங்க சிரிச்சீங்கன்னு பூட்டினேன். தப்பு என்னுது. இனிமே அவரு தெருவுலதான் இருப்பாரு. வழி தவறி யார் வூட்டுக்கு வந்தாலும், ஒக்கார வெச்சி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பத்மினி அவன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். அவள் பேச வாயெடுப்பதற்கு முன் எதிர்வீட்டுப் பச்சையப்பன் எழுந்தான். கூட்டம் பிடிக்காமல் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் தன் வீட்டுக்குள் போனான். உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், சித்தூரில் பெரிய மகன் வீட்டில் இருப்பதாகத் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்த தன் தாய் பாப்பாத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தான். வெயிலுக்கு அவள் கண் கூசியது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தனசேகர் ஓடிப்போய் அந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்துக்கொண்டான். பத்மினி முன்வரிசைப் பெண்களைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கம்மா, அவங்க வர்றாங்க இல்ல" என்றாள்.